வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டு 16 வயதுத் தடை கேட்கலாமா?

ஜனவரி 3, 2026

ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிரம்பாத பிள்ளைகள் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், ஃபேஸ்புக், யூடியூப் எதிலும் கணக்கு வைத்திருக்க முடியாது. அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அப்படி ஒரு சட்டம் இங்கே கொண்டுவர முடியுமா என்று ஒன்றிய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. அரையாண்டு விடுமுறை முழுக்க எங்கள் ஆசிரியர் குழுக்களில் இதே பேச்சுதான். பெரும்பாலோர் 'உடனே வேண்டும்' கட்சி.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன், திண்டுக்கல் பக்கம். தடையே கூடாது என்று சொல்லும் ஆள் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சாயங்காலம் வீட்டுப்பாடத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பிள்ளை கையில் போனைக் கொடுக்காமல் எந்த வீட்டிலும் அந்த வீட்டுப்பாடம் முடியாது. மறுநாள் காலையில் இறைவணக்கக் கூட்டத்தில் 'போனைத் தொடாதீர்கள்' என்று அறிவுரை சொல்கிறோம். பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வார்கள்?

நம் ஊரில் பிள்ளையைக் கையைப் பிடித்துப் போனுக்குள் கூட்டிப்போகும் முதல் ஆள் பெரும்பாலும் பள்ளிதான். அதைச் சரிசெய்யாமல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் எழுதிய சட்டத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினால் ஒட்டாது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 3, இரவு

சட்டத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் எல்லாரும் பேசுகிறோம் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சுருக்கமாகச் சொல்கிறேன்.

2024 நவம்பர் கடைசியில் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வர ஓராண்டு அவகாசம். மீறினால் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் இல்லை. வயது குறைந்தவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்காத நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். யூடியூபுக்கு முதலில் விலக்கு கொடுப்பதாக இருந்தார்கள், 2025 ஜூலையில் அதையும் சேர்த்துவிட்டார்கள். வாட்ஸ்அப், கூகுள் கிளாஸ்ரூம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு.

தடை கணக்கு வைத்திருப்பதற்குத்தான், பார்ப்பதற்கு இல்லை. கணக்கில் நுழையாமல் யூடியூபைத் திறந்தால் அங்கேயும் இன்றைக்கும் பார்க்கலாம். இந்த 'கணக்கு' விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த தடவை அதைத்தான் எழுதப் போகிறேன்.

ஜனவரி 6

எட்டாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாகப் படிப்பாள், ஆனால் அரையாண்டுக்கு முன்னாலிருந்தே முதல் பாடவேளையில் கண் சொருகும். நேற்று சாயங்காலம் அவர்கள் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது, வீட்டில் எட்டிப் பார்த்தேன். அம்மா நூற்பாலையில் இரண்டாம் ஷிப்ட். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டுக்கு ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில்.

வாசல்படியில் நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், தம்பி பக்கத்தில். இருட்டி வெகுநேரம் கழித்துத்தான் அப்பா வந்தார். வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே கை நீட்டினாள். வகுப்புக் குழுவைத் திறந்தாள். மேலே சாமி படம் போட்ட இரவு வணக்கங்கள், யாரோ ஒரு பெற்றோர் அனுப்பிய விபத்து வீடியோ, 'லீவா மிஸ்?' என்று கேள்விகள். எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் போனால் கரும்பலகையின் புகைப்படம். இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒரு வரி பார்ப்பாள், ஒரு வரி எழுதுவாள். திரை அணைந்துவிடும். மறுபடி அப்பாவிடம் போய்ப் பூட்டைத் திறந்து வாங்குவாள்.

கடைசிக் கணக்கு புரியவில்லை. யூடியூபில் தேடினாள். நல்ல பிள்ளை, சரியான பாடத்தைத்தான் தேடினாள். அந்தப் பாடம் வந்தது, அதற்குக் கீழேயே ஷார்ட்ஸ் வரிசை. தம்பி 'அக்கா அத வையி' என்றான். அவ்வளவுதான். நான் அங்கே டீ குடித்துக் கிளம்பும் வரைக்கும் நோட்டு மடியிலேயே இருந்தது, கண் திரையில்.

வந்தவை என்னென்ன என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் அடிதடி, இரட்டை அர்த்தப் பேச்சு, உடனடிக் கடன் தரும் செயலியின் விளம்பரம். ஏனென்றால் அது அப்பாவின் கணக்கு. நிறுவனத்தின் கணினிக்குத் தெரிந்தவரை, நாற்பது வயது ஆள் ஒருவர் வேலை முடிந்து வந்து பொழுதுபோக்குகிறார். 13 வயதுப் பெண்ணும் 9 வயதுப் பையனும் பார்க்கிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இந்த வீட்டில் 16 வயதுச் சட்டம் எதைத் தடுக்கும்? அவளுக்குத்தான் கணக்கே இல்லையே.

ஜனவரி 7

ஒரு வீட்டைப் பார்த்து ஊரையே சொல்லக்கூடாது என்பது சரி. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஏசர் 2024 ஆய்வறிக்கையில் கிராமப்புற இந்தியாவின் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைப் பற்றி இருக்கிறது. ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டு. 82 விழுக்காட்டினருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். தெரிந்தவர்களில், 14 வயதில் சொந்தப் போன் வைத்திருப்பவர்கள் 27 விழுக்காடுதான், 16 வயதில் சுமார் 38. மற்ற எல்லாரும் வீட்டுப் போன்தான். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57, சமூக ஊடகத்துக்காக 76.

14 வயதுக்குக் கீழே சொந்தப் போன் இன்னும் குறைவாகத்தான் இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியச் சட்டம் ஒரு பிள்ளைக்கு ஒரு போன், ஒரு போனுக்கு ஒரு கணக்கு என்று வாழ்கிற சமூகத்துக்காக எழுதப்பட்டது. நம்முடையது வீட்டுக்கு ஒரு போன்.

ஜனவரி 9

'பள்ளிக்குள் போனைக் கண்டிப்பாகத் தடை செய்தால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்' என்று அக்கா ஒருவர் எழுதியிருக்கிறார். பள்ளிக்குள் தடை வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போதுமா என்பதுதான் கேள்வி.

உலகம் அந்தப் பக்கம்தான் போகிறது. பிரான்சில் 2018 சட்டப்படி தொடக்கப் பள்ளியிலும் நடுநிலைப் பள்ளியிலும் இடைவேளையில்கூடப் போன் கூடாது. நெதர்லாந்தில் 2024 ஜனவரி முதல் உயர்நிலை வகுப்பறைகளில் இல்லை. பிரேசில் 2025 ஜனவரியில் சட்டம் போட்டது, அதிலும் இடைவேளை சேர்த்தி. தென் கொரியாவில் 2026 மார்ச் முதல். யுனெஸ்கோ 2023 அறிக்கையில் நாலில் ஒரு நாடுகூடத் தடை செய்யவில்லை என்றது, அதற்குப் பிறகு மளமளவென்று எண்ணிக்கை ஏறிவிட்டது. போனைப் பார்த்து ஒருமுறை கவனம் சிதறினால் பாடத்துக்குள் முழுசாகத் திரும்ப 20 நிமிடம் வரை ஆகலாம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 40 நிமிடப் பாடவேளை எடுக்கிறவர்களுக்கு அதன் அர்த்தம் நன்றாகவே தெரியும்.

பலன் இருக்கிறதா? லண்டன் பொருளாதாரப் பள்ளி 2015ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. லண்டன், பர்மிங்காம், மான்செஸ்டர், லெஸ்டர் நகரப் பள்ளிகளில், போனைத் தடை செய்த பின் 16 வயதுத் தேர்வு முடிவுகள் எப்படி மாறின என்று பார்த்தார்கள். மதிப்பெண் கூடியது. ஆனால் கூடியது யாருக்கு? பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான். நன்றாகப் படிக்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் இல்லை. எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. நம் பள்ளிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த முதல் வகைப் பிள்ளைகள்.

அதே இங்கிலாந்தில் 2025ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வேறு கதை சொல்கிறது. 30 பள்ளிகள், 12 முதல் 15 வயதுப் பிள்ளைகள் 1,227 பேர். தடை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை, தூக்கத்திலும் இல்லை. ஆனால் ஒரு நாளில் மொத்தம் அதிக நேரம் போனில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டுமே மோசமாக இருந்தன. பள்ளிக்குள் பிடித்து வைத்த நேரம், நாள் முழுவதற்குமான போன் நேரத்தைக் குறைக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இவ்வளவுதான். பள்ளிக்குள் தடை பாடத்தைக் காப்பாற்றும். ராத்திரியைக் காப்பாற்றாது. என் எட்டாம் வகுப்புப் பெண் பள்ளிக்குப் போனே கொண்டுவருவதில்லை, ஆனாலும் தூங்கி விழுகிறாள்.

ஜனவரி 10

நேற்று எழுதாமல் விட்டது. பிள்ளை போன் கொண்டுவரக் கூடாது, சரி. வருகைப்பதிவைச் செயலியில் போட வேண்டும், விவரம் கேட்டால் உடனே ஏற்ற வேண்டும், தலைமையாசிரியர் குழுவில் வரும் சுற்றறிக்கையைப் பார்க்க வேண்டும் என்று நம்மைப் போனோடு கட்டிப் போட்டிருக்கிறார்களே, அதற்கு என்ன சொல்வது? முதல் பாடவேளையில் பத்து நிமிடம் நான் குனிந்து திரையைத் தேய்த்துக்கொண்டிருப்பதை நாற்பது ஜோடிக் கண்கள் பார்க்கின்றன. வருகைப்பதிவுக்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு கணினி வைத்தால்கூட எனக்குப் போதும்.

ஜனவரி 12

டிக்டாக்கை நினைவிருக்கிறதா? 2019 ஏப்ரலில் இதே மதுரைக் கிளைதான் அதன் பதிவிறக்கத்துக்குத் தடை போடச் சொன்னது. அந்த மாதமே தடை விலகியது. அப்புறம் 2020 ஜூன் 29ல் ஒன்றிய அரசு வேறு காரணத்துக்காக ஒரேயடியாகத் தடை செய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ், அதுவும் முதலில் இங்கேதான். பள்ளிகள் மூடியிருந்த நேரம், வகுப்பு போனில் நடந்த நேரம். எங்கள் பிள்ளைகளில் டிக்டாக் பார்த்தவர்களைவிட ரீல்ஸ் பார்க்கிறவர்கள் பல மடங்கு.

செயலியின் பெயரைச் சொல்லித் தடை கேட்கிறவர்கள் இதை ஒருமுறை யோசியுங்கள்.

ஜனவரி 17, காணும் பொங்கல்

அத்தை மகள் சிட்னியில் டூங்காபியில் இருக்கிறாள். பொங்கலுக்கு வீடியோவில் பேசினோம், நான் பேச்சைச் சட்டத்துக்கே இழுத்துவிட்டேன். மகனுக்கு 14 வயது.

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2023 அக்டோபரிலிருந்தே பள்ளி நேரத்தில் போன் கிடையாது. அவன் பள்ளியில் காலையில் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டி, மணி அடித்ததும் கொடுக்கிறார்கள். இடைவேளையில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது என்றாள். டிசம்பரில் அவன் ஸ்னாப்சாட் கணக்கு போனது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தானாம். இப்போது அதே கூட்டம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது, சட்டப்படியே. வகுப்பில் சில பேர் அண்ணன் கணக்கிலும் அம்மா கணக்கிலும் இருக்கிறார்களாம். அதாவது நம் வீட்டுக்கு ஒரே போன் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது.

'அப்போ சட்டத்தால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்டேன். அவள் சொன்னது எனக்கு இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 'மதினி, முன்னாடி ராத்திரி சாப்பாட்டு நேரம் முழுக்க ஒரே சண்டை. எல்லார்கிட்டயும் இருக்கு, எனக்கு மட்டும் ஏன் இல்லன்னு கேப்பான். எனக்குப் பதில் கிடையாது. இப்ப யார்கிட்டயும் இல்லன்னு சொல்லிட்டேன். அந்தச் சண்டை நின்னு போச்சு.'

இது பெரிய விஷயம். ஒரு தாய் தனியாக மறுத்தால் பிள்ளை ஒதுக்கப்படுகிறான், ஊரே சேர்ந்து மறுத்தால் யாரும் ஒதுக்கப்படுவதில்லை. சட்டத்தின் உண்மையான பலம் அபராதத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். முதலில் எழுதியதைவிட இந்தச் சட்டத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது.

இன்னொன்றும் சொன்னாள். அங்கே பள்ளியிலிருந்து வரும் தகவல் எல்லாம் பள்ளிக்கென்றே இருக்கிற செயலியிலும் மின்னஞ்சலிலும்தான். வீட்டுப்பாடம் பார்க்கப் போன பிள்ளை ஷார்ட்ஸில் போய் விழ வழியில்லை.

ஜனவரி 20

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்தேன், தள்ளிக்கொண்டே வந்தது.

சில வருடங்களுக்கு முன், ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தோழி பெயரில் இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருப்பதை யாரோ ஆசிரியரிடம் காட்டிக் கொடுத்தார்கள். அதில் இருந்தவை அவள் சிரிக்கிற படங்கள், ஒரு பாட்டுக்குக் கை அசைக்கிற வீடியோ. பெற்றோரை வரச்சொல்லி எல்லார் முன்னாலும் போனில் அதைப் போட்டுக் காட்டினார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மாப்பிள்ளை பார்க்கிற பேச்சும் தொடங்கிவிட்டது. நாங்கள் சில பேர் வீட்டுக்கு நடையாய் நடந்து, அவள் பாட்டியைப் பிடித்துப் பேசி, அவளைத் திரும்ப வகுப்பில் உட்கார வைக்க மாதக்கணக்கில் ஆயிற்று. அதே வருடம், அதே பள்ளியில் ஒரு பையன் பள்ளிக் கழிப்பறையில் நின்று ரீல்ஸ் எடுத்தான். அவன் அம்மா வந்தார், நாலு திட்டு திட்டினார், சாயங்காலமே போன் அவன் கைக்குப் போய்விட்டது.

அமெரிக்காவில் ஒரு வழக்கு. பென்சில்வேனியாவில் 2017ல் ஒரு மாணவிக்குப் பள்ளியின் முதன்மை சியர்லீடிங் அணியில், அதாவது விளையாட்டுப் போட்டிகளில் ஆடிப்பாடி உற்சாகமூட்டும் அணியில், இடம் கிடைக்கவில்லை. விடுமுறை நாளில் ஒரு கடையில் இருந்தபடி ஸ்னாப்சாட்டில் பள்ளியையும் அணியையும் கெட்ட வார்த்தையில் திட்டினாள். பள்ளி அவளை, அவள் இருந்த இரண்டாம் நிலை அணியிலிருந்தும் ஓராண்டுக்கு நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 ஜூனில் 8க்கு 1 என்ற கணக்கில் அவள் பக்கம் தீர்ப்பு வந்தது. பள்ளி நேரத்துக்கும் வளாகத்துக்கும் வெளியே பிள்ளை பேசுவதையெல்லாம் பள்ளி தண்டிக்க முடியாது, வீட்டில் அது பெற்றோரின் பொறுப்பு என்பதுதான் சாரம். மிரட்டல், கடுமையான கேலி போன்றவற்றில் மட்டும் பள்ளி தலையிட இடம் வைத்தார்கள்.

அங்கே அணியில் இடம் போனதற்கு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இங்கே ஒரு பெண்ணுக்குப் படிப்பே போகிறது, ஒரு தாளில்கூடப் பதிவாவதில்லை. தடைச் சட்டம் வந்தால், அதைக் காட்டி 'உன் பெண் சட்டத்தை மீறிவிட்டாள்' என்று கூப்பிட்டுச் சொல்லும் பள்ளிகள் வரும். ஆஸ்திரேலியச் சட்டம் பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பதை இங்கே எழுதாமல் விட்டால், முதல் அடி பெண்பிள்ளைகள் மேல்தான் விழும். அதனால்தான் 'உடனே கொண்டுவா' கூட்டத்தில் என்னால் சேர முடியவில்லை.

ஜனவரி 21

ஒரு தம்பி, 'பெண்பிள்ளைகளுக்குச் செல்போனால் நன்மை என்று ஒன்றையாவது சொல்லுங்கள்' என்கிறார். எட்டாம் வகுப்புக்கு வருகிற என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வு. தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடத்துக்கு 12,000 ரூபாய். அதில் மனத்திறன் தாள் நம் பாடப் புத்தகத்தில் இல்லாத வகை. எங்கள் பிள்ளைகள் அதை யூடியூபில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் போடும் வீடியோ பார்த்துத்தான் பழகுகிறார்கள். டியூஷன் போக வசதி இல்லாத வீட்டுக்கு அது பெரிய கை. முழுக்கப் பூட்டச் சொன்னால் இதையும் சேர்த்தே பூட்டுகிறோம்.

ஜனவரி 22

பையன்கள் பக்கம் வேறு ஆபத்து இருக்கிறது, அதைப் பேசாமல் விட முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படிக்கும் பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு, நெற்றியில் அடையாளம் எல்லாம் கூடாது என்றது. நல்ல பரிந்துரை. ஆனால் கையில் கட்டிய கயிறு இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்குப் போய்விட்டது. தலைவர் படம், கொடி நிறம், ஒரு வீராவேசப் பாட்டு, கீழே ஊர்ப் பெயர். ஆசிரியர்களுக்கு மறைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள். அதைப் பார்த்த மற்ற தெருப் பையன் பதிலுக்குப் போடுகிறான். திங்கள்கிழமை சைக்கிள் ஸ்டாண்டில் அது கைகலப்பாக வந்து நிற்கிறது, நமக்குத் தொடக்கமே தெரிவதில்லை.

போனைப் பிடுங்கிப் பார்ப்பதால் இது தீராது. எங்கள் பள்ளியில் ஒரு தமிழாசிரியர் பையன்களிடம் நேரடியாகக் கேட்பார்: 'உன் ஸ்டேட்டஸப் பாத்துட்டு உன் பக்கத்துல உக்கார்றவன் இன்னைக்கு என்ன நெனச்சிருப்பான்?' பதில் வரும் வரை காத்திருப்பார். திட்ட மாட்டார். அவரிடம் மட்டும்தான் பையன்கள் முன்கூட்டியே வந்து 'சார், இன்னைக்கு சண்டை வரப்போகுது' என்று சொல்கிறார்கள்.

ஜனவரி 27

நேற்றுக் குடியரசு தினம். எல்லாப் பள்ளியிலும் கொடியேற்றம், கலை நிகழ்ச்சி, அப்புறம் பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் படம், ரீல். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண்கள் ஆடிய கரகாட்டத்தைப் பாட்டோடு வெட்டி ஒட்டிப் போட்டிருக்கிறார்கள், வகுப்பும் பிரிவும் பெயரும் எழுதி. இன்று காலை அதன் கீழே இருந்த கருத்துகளைப் பார்த்தேன். எழுதக் கூசுகிறது. எழுதியவர்கள் எல்லாம் வளர்ந்த ஆட்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கும் சொந்தமாகக் கணக்கு இருக்க வாய்ப்பில்லை. அவர்களை உலகத்துக்கு முன்னால் நிறுத்தியது பள்ளி.

தனியார் பள்ளிகளில் இது இன்னும் மோசம். 2017ல் அரசு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது, பிள்ளைகளுக்குள் ஒப்பீடு வேண்டாம் என்று. ரேங்க் ஃபிளெக்ஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இடம் மாறியது, அவ்வளவுதான்.

பிரான்சில் 2024 பிப்ரவரியில், பிள்ளையின் படத்துக்கான உரிமையைக் காப்பது பெற்றோரின் கடமை என்று தனியாகச் சட்டமே போட்டிருக்கிறார்கள். பெற்றோரே கண்டபடி படம் போட்டால் நீதிபதி தலையிடலாம். நம் நாட்டில் 2023 எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது வரை பிள்ளைதான். பிள்ளையின் தரவை எடுக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம். ஆஸ்திரேலியாவைப் பார்த்து ஏங்குகிறவர்கள் முதலில் இந்தச் சட்டத்தை ஒழுங்காக நடத்தச் சொல்லிக் கேட்கலாம்.

பள்ளியோ அதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முகம் தெரியும் படத்தைப் பொதுப் பக்கத்தில் போடாமல் இருக்க எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. பின்னாலிருந்து எடுத்த படம் போதும், கொடி தெரியும்.

பிப்ரவரி 2

எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடந்தது. நான் மூன்று விஷயம் கேட்டேன். வீட்டுப்பாடம் டைரியில்தான், வாட்ஸ்அப் குழுவில் வராது. குழுவில் ஆசிரியர் மட்டுமே செய்தி போடலாம், அதுவும் விடுமுறை, கூட்டம், அவசரம் மட்டும். பிள்ளை முகம் தெரியும் படம் பொதுவில் போவதில்லை.

மூன்றாவது உடனே நிறைவேறியது. அம்மாக்கள் எல்லாரும் கை தூக்கினார்கள், ஒருவர் 'இத ஏன் இவ்வளவு நாளா கேக்கல டீச்சர்' என்றார். இரண்டாவதற்கு இரவு வணக்கம் போடுகிற இருவரைத் தவிர எதிர்ப்பில்லை. முதலாவதற்குத்தான் பெரிய சண்டை, அதுவும் ஆசிரியர்கள் பக்கமிருந்து. கரும்பலகையைப் படம் பிடித்தால் ஒரு நொடி, நாற்பது பிள்ளைகள் எழுதி முடிக்கக் கால் மணி நேரம். பாடவேளை போகிறது என்பது உண்மைதான். சோதனையாக ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. வீட்டுப்பாடத்தின் அளவையே குறைத்தேன், மூன்று கேள்விக்கு மேல் இல்லை. எழுத ஐந்து நிமிடம் ஆகிறது.

பிப்ரவரி 8

எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். அப்பா வருவதற்குள் வீட்டுப்பாடம் முடிந்துவிடுகிறது என்றாள். அதற்கு மேல் ஷார்ட்ஸ் பார்க்கிறாளா என்று கேட்டேன், 'பாக்குறேன் மிஸ், ஆனா தம்பி தூங்கிருவான்' என்றாள். முதல் பாடவேளையில் இன்னும் சில நாள் கண் சொருகத்தான் செய்கிறது.

எதிர்பாராத ஒரு புகார் வந்தது. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதம் ஒருமுறைதான் ஊருக்கு வருவார். அவர் போன் செய்து, 'டீச்சர், புள்ள என்ன படிக்கிறான்னு அந்தக் குழுவுலதான் தினம் பாப்பேன். போட்டோவப் பாத்துட்டு ராத்திரி போன்ல கேள்வி கேப்பேன். இப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல' என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நம் பெற்றோரில் எத்தனை பேர் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்த ஒரே கயிறு அந்தக் குழுதான்.

இப்போதைக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அந்த வாரம் நடந்த பாடத்தை நாலு வரியில் எழுத்தாகப் போடுகிறேன். படமில்லை, இணைப்பில்லை. அவர் சரி என்றார், ஆனால் தினம் கேட்ட பழக்கம் போய்விட்டதே என்றும் வருத்தப்பட்டார். அவர் மகனிடம் டைரியைப் பார்த்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் டைரி முறை வைத்திருக்கும் பள்ளி எதுவும் உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். பத்தாம் வகுப்புக்குத் தினமும் சிறு தேர்வு, விடைக் குறிப்பு, மாதிரி வினாத்தாள் என்று எல்லாமே குழுவில்தான் ஓடுகிறது. எங்கள் கணக்கு ஆசிரியர் தயாராக இருக்கிறார், நகல் எடுக்கும் செலவுக்கு மட்டும் வழி தெரியவில்லை.